கோபுரத்துப் பெண் சொன்னது

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நலம். உன் காது, மாமாவின் முதுகு, அப்பாவின் கோபம் மூன்றும் எப்படி இருக்கின்றன? எது குறைந்திருந்தாலும் எழுது. மருமகளுக்குப் பரீட்சை முடிந்ததா?

வேலை வழக்கம்போல. போன வாரம் ஒரு லிஃப்ட் நான்காவது மாடிக்கு வந்தால் மட்டும் கதவைத் திறக்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. இரண்டு நாள் லிஃப்டின் அடிக்குழிக்குள் இறங்கிக் கிடந்தேன். கடைசியில் பார்த்தால் சென்சாருக்குள் எறும்புக் கூடு.

விஷயத்துக்கு வருகிறேன். சிரிக்கக் கூடாது. நாம் சின்ன வயதில் விளையாடிய 'விளக்குக் கோட்டை' ஞாபகம் இருக்கிறதா? அப்பா ஆபீஸிலிருந்து கொண்டுவந்த பழைய கம்ப்யூட்டரில், ஏழு மாடி ஏறி ஏழு விளக்கு ஏற்றும் ஆட்டம். அதற்கு இன்னும் ரசிகர்கள் இருக்கிறார்கள், அக்கா! ஒன்பது பேர் இணையத்தில் சேர்ந்து, அதே கோட்டையை வைத்துத் தமிழில் ஒரு புது ஆட்டம் செய்கிறார்கள். தலைவி ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவர். எல்லோரும் கேப்டன் என்கிறோம். வசனம் எழுத ஆள் தேடினார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? மாடிக்கு மாடி வரும் கோபுரத்துப் பெண் பேசும் ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம் என்று சொல்லிவிட்டேன். உண்மைதானே? எனக்குத் தெரியாத அந்த வெளிநாட்டு மொழியை நீதான் திரையைப் பார்த்துப் படித்துப் படித்துத் தமிழில் சொல்வாய்.

மூன்றாம் மாடியிலும் ஐந்தாம் மாடியிலும் அவள் சொல்வது மட்டும் விட்டுப்போயிற்று. உனக்கு ஞாபகம் இருந்தால் எழுதி அனுப்பு. ஆகஸ்டில் வெளியிடப் போகிறோம்.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
தம்பி


ஜனவரி 30

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம். என் இடது காது முழு ஓய்வு எடுத்துக்கொண்டது. வலது காது அரை நாள் வேலை பார்க்கிறது. லென்ஸ் தேய்க்கும் பட்டறையில் இருபது வருஷம் அந்த மெஷின் பக்கத்தில் நின்றால் வேறென்ன ஆகும்? மாமாவுக்கு முதுகு தேவலை. அப்பா தினமும் தபால்காரருக்கு முன்னால் போய் நிற்கிறார். உன் கடிதத்தையும் அவர்தான் பிரித்து, கூடத்தில் நின்று சத்தமாகப் படித்தார். படித்து முடித்ததும், "முப்பத்தஞ்சு வயசுல அவனுக்கு வேற பொழைப்பு இல்லையா" என்றார். அதோடு சரி, வெளியே போனவர் சாயங்காலம்தான் திரும்பினார்.

அந்த ஆட்டமெல்லாம் எனக்கு எங்கேடா ஞாபகம்? நேற்று மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தேன் என்பதே தெரியவில்லை, இத்தனைக்கும் கண்ணாடிப் பட்டறையில் வேலை. பழசை எழுதுவதைவிடப் புதிதாக நீயே ஏதாவது எழுதேன். கோபுரத்தில் பெண் எதற்கு? ஒரு கிழவரை வை, பூதத்தை வை. உனக்கா கற்பனைக்குப் பஞ்சம்?

குழிக்குள் இறங்கும்போது மறக்காமல் மின்சாரத்தை நிறுத்து. சமைத்துச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மண்டைதான் காய்கிறது. உன் வலது காது அரை நாளாவது வேலை பார்க்கிறதே, சந்தோஷம்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. முதல் இரண்டு மாடி வசனத்தை எழுதி அனுப்பினேன். முதல் மாடியில் அவள், "அவசரப்படாம ஏறு, படி வழுக்கும்" என்பாள். இரண்டாம் மாடியில், "பல் தேய்ச்சியா? நகத்தைக் கடிக்காதே. நான் நல்லா இருக்கேன்" என்பாள். அப்படியே எழுதினேன். குழுவில் ஒரே சிரிப்பு. வீரன் உருவின வாளோடு வந்து நிற்கிறான், இவள் பல் தேய்த்தாயா என்று கேட்கிறாளே என்று கேப்டன் விழுந்து விழுந்து சிரித்தார். நான் ஏதோ நகைச்சுவைக்கு எழுதினேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பிறகு கேப்டன் மெதுவாகக் கேட்டார், "அவ யாருன்னு உங்களுக்குத் தெரியும்ல? அவதானே வில்லி?"

அக்கா, அவள் வில்லியாம். கோட்டையைப் பிடித்து வைத்திருக்கும் சூனியக்காரியாம். எனக்குச் சிரிப்பதா சண்டை போடுவதா என்று தெரியவில்லை. நாம் கடைசி வரை விளையாடியதே இல்லை, அதனால் முடிவு எனக்குத் தெரியாது என்பது உண்மை. யாரையும் சொல்லவும் விட்டதில்லை, நானாக ஏறிப் பார்க்க வேண்டும் என்று வைத்திருந்தேன். ஆனால் ஆறு மாடி வரைக்கும் அவள் பேசியதை என் காதால் கேட்டவன் நான். "எங்க அக்காவுக்கு அந்த மொழி தெரியும், ஸ்கூல்ல படிச்சவங்க" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டேன். சரி, அவரிடமே கேளுங்கள் என்று ஆறாம் மாடிப் பேச்சைப் படமெடுத்துக் கொடுத்தார்கள். இத்துடன் வைத்திருக்கிறேன். பத்து வரிதான். மொழிபெயர்த்து அனுப்பு. என் மானம் உன் கையில்.

அப்பாவுக்கு என் வணக்கம் (அப்பா, படிப்பது நீங்கள்தானே).

தம்பி


மார்ச் 21

அன்புத் தம்பிக்கு,

இங்கே யாருக்கும் குறையில்லை, நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். பதில் தாமதமாகிவிட்டது. பட்டறையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு இருநூறு கண்ணாடி ஆர்டர். பிறகு உன் மருமகளுக்குக் காய்ச்சல். பிறகு எனக்குச் சளி. நீ அனுப்பிய படத்தில் எழுத்தும் மங்கல்.

அந்த மொழியெல்லாம் விட்டுப்போய் எத்தனையோ வருஷமாயிற்று. இருந்தாலும் கேட்டுவிட்டாய், எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

"ஆறு மாடி ஏறிட்டே. கால் வலிக்குமே. கொஞ்சம் உக்காந்துக்கோ. இங்க எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. மேல வர்றதுக்கு அவசரமே இல்லை, மெதுவா வா. அக்கா சொல்றதக் கேளு."

இவ்வளவுதான் புரிந்தது. இதைக் கொண்டுபோய் யாரிடமும் காட்டாதே. நீ மட்டும் வைத்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

மருமகளுக்குக் காய்ச்சல் விட்டதா? உன் சளி?

காட்டாதே என்று நீ எழுதிய வரியைக் காட்டிய பிறகுதான் கவனித்தேன். நான் எப்போது கடிதத்தைக் கடைசி வரை படித்துவிட்டு ஒரு காரியம் செய்திருக்கிறேன்?

குழுவில் ஒருவர் அந்த மொழி பேசும் ஊரில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவர். உன் மொழிபெயர்ப்பைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தைகூட ஒட்டவில்லை என்றார். அவர் சொன்னபடி பார்த்தால், "புழுவே, ஏறி வா. உனக்கு முன்னால் வந்தவர்களின் எலும்பு மேல்தான் நிற்கிறாய்" என்று ஆரம்பிக்கிறதாம். நான் விடவில்லை. எங்க அக்கா பொய் சொல்லமாட்டாங்க, உங்கள் டிஸ்க் வேறு பதிப்பாக இருக்கும் என்று ஒரு மணி நேரம் கத்தினேன். கேப்டன் பொறுமையாக, உலகத்தில் ஒரே பதிப்புதான் என்றார். வசனத்தை வேறொருவருக்குக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறார்களாம். மூன்று மாதமாக வீட்டுக்கு வந்து குளித்ததும் உட்கார்ந்து எழுதியது, அக்கா. அது போனாலும் போகட்டும். எனக்கு இப்போது வேறு பயம். எனக்கு ஞாபகம் இருப்பது எதுவுமே நடக்கவில்லை என்றால், என் தலைக்குள் வேறு எதையெல்லாம் நம்பிக்கொண்டிருக்கிறேன்?

இன்னொன்றும் உறுத்துகிறது. அந்த ஆட்டத்தை எல்லோரும் ஒரு வாரத்தில் முடித்திருக்கிறார்கள். நாம் மட்டும் ஏன் இரண்டு வருஷமாக முடிக்கவில்லை? ஆறாம் மாடிக்கு வந்ததும் சேவ் செய்தது எப்படியோ அழிந்துபோகும். மறுபடி முதலிலிருந்து. கரண்ட் போனதால் என்பாய். இவர்கள் யாருக்கும் அப்படி ஆனதே இல்லையாம்.

நீ சொல். நீ சொன்னால் நம்புகிறேன்.

தம்பி


ஏப்ரல் 26

அக்காவுக்கு,

பதில் இல்லை. மருமகளுக்குப் போன் செய்தேன். "அம்மா நல்லாத்தான் இருக்காங்க மாமா, ஆனா உங்க லெட்டர் வந்ததுல இருந்து உப்பு போட்டமா இல்லையான்னு தெரியாம சமைக்கிறாங்க" என்றாள்.

நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? ஒன்றுமே புரியாமல் முழிக்கிறேன். ஒரு வரியாவது போடு.

தம்பி


மே 5

தம்பிக்கு,

இதைப் பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். பதில் எழுதுவதானால் உறையின் பின்னால் இருக்கும் பட்டறை முகவரிக்கு எழுது. வீட்டுக்குப் போட்டால் அப்பா கூடத்தில் நின்று படிப்பார். இதைச் சத்தமாகப் படிக்கக் கூடாது.

எனக்கு அந்த மொழி தெரியாது. ஒரு எழுத்துகூடத் தெரியாது. எந்தப் பள்ளியிலும் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

உனக்கு ஆறு வயது, எனக்குப் பதின்மூன்று. அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று உன்னிடம் சொல்லியிருந்தோம். அப்போது அம்மா இறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. உன்னை அத்தை வீட்டில் விட்டுவிட்டு எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள். "அவனுக்கு இப்பத் தெரிய வேண்டாம், நீயும் வாயத் திறக்காதே" என்று அப்பா சொன்னார். நீ காலையில் எழுந்ததும் கேட்பாய், பள்ளியிலிருந்து வந்ததும் கேட்பாய். அம்மா எப்ப வருவாங்க, ஏன் பேசமாட்டேங்கிறாங்க. அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி அடுப்படிக்கு ஓடுவேன்.

அந்த நேரத்தில்தான் கம்ப்யூட்டர் வந்தது. முதல் மாடியில் ஜன்னலோரம் ஒரு பெண்ணின் படம் வந்தது, நடு வகிடு எடுத்து, முகம் இருட்டில். நீ திரையில் விரலை வைத்து, "அக்கா, அம்மா மாதிரி இருக்காங்க, என்ன சொல்றாங்க?" என்றாய். நான் படித்தேன். அன்றைக்கு ஆரம்பித்ததுதான். அதன் பிறகு நீ என்னிடம் அம்மாவைக் கேட்பதை நிறுத்திவிட்டாய். விளக்கு ஏற்றப் போய்விட்டாய்.

ஒரு நாள் நீ பள்ளிக்குப் போன பிறகு மீதியை விளையாடிப் பார்த்தேன். ஏழாவது விளக்கை ஏற்றினால் கதவு திறக்கிறது. உள்ளே அவள் நிற்கிறாள். அவளை வெட்ட வேண்டும். வேறு எந்தப் பொத்தானை அமுக்கினாலும் ஒன்றும் நடக்காது. உன் கையால் அதை எப்படிடா செய்ய விடுவேன்? அதனால்தான் நீ ஆறாம் மாடிக்கு வரும்போதெல்லாம் சேவ் செய்ததை நான் அழித்தேன். பதினான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் நீ அழுவாய், நான் கரண்ட்டைத் திட்டுவேன்.

எட்டு மாதம் கழித்து அப்பா உன்னை மடியில் வைத்து விஷயத்தைச் சொன்னார். நீ அழவில்லை. கல்லு மாதிரி இருக்கானே என்று அத்தை பயந்துபோனாள். நீ நேராகப் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டாய். என்னைக் கூப்பிட்டு, "அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுக்கா, நீ படி" என்றாய்.

அப்போதாவது நிறுத்தியிருக்க வேண்டும். நான் படித்தேன்.

இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

அக்கா


ஜூலை 1

அக்காவுக்கு,

எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். முதல் வாரம் உன் மேல் கோபம். இரண்டாவது வாரம் அப்பா மேல். மூன்றாவது வாரம் யார் மேல் என்றே தெரியவில்லை. லிஃப்டுக்குள் நின்று கீழே போகிறேனா மேலே போகிறேனா என்று யோசிக்கிற நிலைமை. உடம்பு நன்றாக இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பழைய ஆட்டத்தையே எடுத்து உட்கார்ந்தேன். குழுவில் அந்த மொழி தெரிந்தவர் ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் எழுதிக் கொடுத்திருந்தார். அதை வைத்துக்கொண்டு ஏறினேன். இரண்டாம் மாடியில் அவள், "உன் வாள் துருப்பிடித்தது, உன் குலம் அழியும்" என்கிறாள். எனக்கோ "நகத்தைக் கடிக்காதே" என்றுதான் கேட்கிறது. கையைப் பார்த்தால் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏழாவது விளக்கை ஏற்றினேன். கதவு திறந்தது. நீ எழுதியபடியேதான். வெட்டுவதைத் தவிர எல்லாப் பொத்தானையும் அமுக்கிப் பார்த்தேன், அவளும் நின்றாள், நானும் நின்றேன். முக்கால் மணி நேரம். பிறகு அதையும் அமுக்கினேன், அக்கா.

அவள் விழுந்ததும் திரை வெள்ளையாகிவிட்டது. எனக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அது நான்தான் என்று எனக்கே கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்து கதவைத் தட்டினார். என்ன ஆச்சு என்று பதறினார்.

"எங்கம்மா இறந்துட்டாங்க," என்றேன்.

"ஐயோ, எப்போ?" என்றார்.

நான் என்ன சொல்வேன்? இருபத்தொன்பது வருஷம் என்றால் மனுஷன் என்ன நினைப்பார்? "இப்பதான்" என்றேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, இருட்டும் வரை என் தோளில் கை போட்டுக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து நான் குடியிருக்கும் மாடியில் எல்லோரும் துக்கம் விசாரிக்கிறார்கள். மறுக்கவும் முடியவில்லை, மறுக்கவும் தோன்றவில்லை.

நீ செய்தது சரியா தப்பா என்று கேட்காதே. எனக்குத் தெரியவில்லை.

தம்பி


ஜூலை 12

தம்பிக்கு,

உன் கடிதத்தை லென்ஸ் தேய்க்கிற மேஜையில் வைத்துப் படித்தேன். தூசி கண்ணில் விழுந்துவிட்டது என்று முதலாளியிடம் சொன்னேன். அந்த எதிர்வீட்டுக்காரர் நன்றாக இருக்கட்டும்.

நேற்று அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன்னிடம் ஏன் மறைக்கச் சொன்னீர்கள் என்று இத்தனை வருஷம் கழித்துக் கேட்டேன். கையிலிருந்த பேப்பரில் ஒரு பக்கத்தைத் திருப்பினார். பிறகு, "சின்னப் புள்ள, தாங்க மாட்டானேன்னு நினைச்சேம்மா," என்றார்.

"நானும் சின்னப் புள்ளதாம்பா," என்றேன்.

பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். காலையில் தபால்காரர் வந்தபோது வெளியே வரவில்லை. இனி வீட்டு முகவரிக்கே எழுதலாம் என்று நினைக்கிறேன்.

உன் ஆட்டம் என்ன ஆயிற்று? என்னால் கெட்டுப்போயிற்றா? அதை மட்டும் சொல்.

அக்கா


ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுமாராக இருக்கிறேன். பொய்யாக நலம் என்று எழுத இப்போது பிடிக்கவில்லை.

ஆட்டம் கெடவில்லை. குழுவில் எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. கேப்டன் இரண்டு நாள் யோசித்துவிட்டு, புது ஆட்டத்தில் இன்னொரு வழி வைப்போம் என்றார். வாளை உருவிக்கொண்டு ஏறினால் அவள் பழைய சூனியக்காரியாகவே பேசுவாள். வாளை வாசலில் வைத்துவிட்டு ஏறினால் நீ படித்த வரிகளைப் பேசுவாள். பழைய ரசிகர்கள் எங்களை வறுத்தெடுக்கப் போகிறார்கள். ஒருவர் இப்போதே ஆரம்பித்துவிட்டார், கோட்டைக்குள் குடும்பத்தைக் கொண்டுவந்த மடையன் எவன் என்று.

அதற்காக எனக்கு ஞாபகம் இருக்கிற எல்லா வரியையும் வரிசையாக எழுதினேன். நூற்று நாற்பது வந்தது. நேற்று மொத்தமாகப் படித்தபோதுதான் கவனித்தேன். சாப்பிட்டியா, தூங்கினியா, காய்ச்சல் விட்டுச்சா, எல்லாம் என்னைத்தான் கேட்கிறாள். அக்கா சொல்றதக் கேளு, அக்காவைப் படுத்தாதே என்றும் என்னிடம்தான் சொல்கிறாள். உன்னிடம் ஒரு வரி பேசவில்லை. பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய், வாயும் உன்னுடையதுதான். உனக்கென்று ஒரு வரியை நீ படித்துக்கொள்ளவே இல்லை.

நூற்று நாற்பத்தொன்றாவது வரியை நான் எழுதியிருக்கிறேன். ஏழாம் மாடியில், கதவு திறந்ததும் சொல்வாள்:

"பெரியவளே, இத்தனை நாள் அவனையே கேட்டுட்டிருந்தேன். நீ எப்படி இருக்கே?"

அதற்கு என்ன பதில் வர வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். கேப்டன் இருபதாம் தேதி வரை காத்திருப்பதாகச் சொல்கிறார். நீ எழுது. எனக்கு எழுத வேண்டாம், அவளுக்கு எழுது.

தம்பி


ஆகஸ்ட் 17

அம்மாவுக்கு,

நலம் என்று எழுத ஆரம்பித்து மூன்று காகிதத்தைக் கிழித்துவிட்டேன். நான் நன்றாக இல்லை. அன்றைக்கும் நன்றாக இல்லை. சொல்வதற்கு ஆளில்லை. அழலாம் என்று குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டால் தம்பி வந்து கதவைத் தட்டுவான். "அக்கா, அம்மா என்னமோ சொல்றாங்க, சீக்கிரம் வந்து படி" என்பான். முகத்தைக் கழுவிக்கொண்டு வருவேன். உட்கார்ந்து திரையைப் பார்ப்பேன். ஒன்றும் புரியாத எழுத்து. அதில் நீ என்ன சொல்வாய் என்று யோசித்து யோசித்துச் சொல்வேன். சில நாள் வரவே வராது. உன் குரலை மறந்துவிட்டேனோ என்று பயந்து ஏதோ ஒன்றைச் சொல்லிவைப்பேன்.

எனக்குக் கேட்க ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. நான் படித்ததையெல்லாம் நீயும் சொல்லியிருப்பாய்தானே, அம்மா?

பெரியவள்